கருவி மட்டும் போதாது
எச்.ஐ.வி., காசநோய்ப் பரிசோதனை செய்யும் ஆய்வக நுட்புநர்களுக்கு ஆண்டுதோறும் செய்முறைப் பயிற்சியைக் கட்டாயமாக்க வேண்டும். காசநோயை 2025-க்குள் ஒழிப்போம் என்ற நாட்டின் இலக்கு நிறைவேறாமலே கடந்துவிட்ட நிலையில், இனியும் இந்தப் பயிற்சியைத் தள்ளிப்போடுவதில் நியாயமில்லை. காசநோயைக் கண்டறியும் ட்ரூநாட், சிபிநாட் கருவிகள் சில மணி நேரத்தில் முடிவு சொல்கின்றன. ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியையும் காட்டிக்கொடுக்கின்றன. ஆனால் சளிக்குப் பதில் எச்சிலை வாங்கி வைத்தால் கருவியும் ஏமாந்துபோகும். நுண்ணோக்கியில் சளி மாதிரியின் 100 புலங்களைப் பார்த்த பிறகே ‘கிருமி இல்லை’ என்று எழுதலாம். எச்.ஐ.வி. தொற்றை உறுதிசெய்ய மூன்று வெவ்வேறு சோதனைகள் தேவை. அவசரத்தில் ஒன்றோடு நிறுத்தினால் ஒரு குடும்பமே நிலைகுலையும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு மலைப் பகுதிகளிலிருந்து அன்றைய கூலியை இழந்து வத்தலக்குண்டுக்கு இறங்கி வருபவரை, மாதிரி சரியில்லை என்று மறுபடி அழைத்தால் அவர் வருவது நிச்சயமில்லை. காசநோய் ஆராய்ச்சிக்கு 1956 முதல் சென்னையில் தேசிய நிறுவனம் இயங்குகிறது; நாட்டில் எச்.ஐ.வி. 1986-இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதும் தமிழகத்தில்தான். அந்த அனுபவம் மலையடிவார ஆய்வகங்களுக்கும் வந்து சேர வேண்டும். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியிலேயே பயிற்சி நடத்தலாம். பயிற்சி நாட்களில் பணி தடைபடாதிருக்க மாற்று ஊழியரை அமர்த்த வேண்டும். கருவிக்கு ஒதுக்கும் நிதியோடு பயிற்சிக்கான நிதியையும் சேர்த்தே அரசு அறிவிக்க வேண்டும்.