தண்டவாளம் ஓரம் ஒரு காவல் இழை

அசாமிலும் வடக்கு வங்கத்திலும் யானைகளின் வலசைப் பாதைகளை ரயில் பாதை குறுக்கே வெட்டிச் செல்கிறது. இரவில், வளைவில், யானையைக் கண்ட பிறகு ஓட்டுநர் பிரேக் போட்டுப் பயனில்லை. அங்கே வடகிழக்கு எல்லைப்புற ரயில்வே 2022-ல் சோதித்த ‘கஜராஜ்’ ஏற்பாடு மனதாரப் பாராட்டத்தக்கது. தகவல் தொடர்புக்காக ஏற்கெனவே புதைத்த ஆப்டிகல் ஃபைபர் கேபிள்தான் இதற்குக் காது. ஒரு முனையிலிருந்து கருவி லேசர் துடிப்புகளை இடைவிடாமல் அனுப்புகிறது. இழை நெடுகிலும் ஒளியில் துளியளவு சிதறித் திரும்புகிறது. யானை கால் ஊன்றியதும் மண் அதிர்கிறது, இழை இம்மியளவு நீள்கிறது, திரும்பும் ஒளி மாறுகிறது. அது திரும்ப எடுத்துக்கொண்ட நேரம் இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. மனிதர் நடை, மண் தோண்டும் அதிர்வு, யானை நடை ஆகியவற்றை மென்பொருள் பிரித்தறிகிறது. எண்ணெய்க் குழாயில் துளையிடுவோரையும் வேலி தாண்டுவோரையும் பிடிப்பது இதே நுட்பம்தான். 700 கிலோமீட்டருக்கு, 181 கோடி ரூபாயில் விரிவாக்குவோம் என்று 2023-ல் ரயில்வே அமைச்சர் அறிவித்தார். விரிவாக்கப்படும் மாநிலங்களின் பட்டியலில் தமிழ்நாடும் இருந்தது. 2021 நவம்பரில் கோவை நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் இறந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. ஆனால் இழை எச்சரிக்கத்தான் செய்யும்; வண்டியை நிறுத்தாது. எச்சரிக்கை அந்த நொடியே ஓட்டுநரை எட்ட வேண்டும். வனப்பகுதியில் இரவு வேகத்தையும் கண்டிப்பாகக் குறைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் செலவழித்த பணத்துக்குப் பொருள் உண்டு.