யாங்கோன் கூரைகளின் வெயிற் கணக்கு: கூட்டுத்தொகை போதும், பெயர்ப்பட்டியல் வேண்டாம்

மியன்மாரின் யாங்கோன் நகரில் இன்று மின்சாரம் முறை வைத்தே வழங்கப்படுகிறது. நகரத்தைப் பிரிவுகளாக வகுத்து நேர அட்டவணை வெளியிடுகிறார்கள். அந்த அட்டவணையும் பல நாட்களில் பொய்த்துப்போகிறது. 2021 பெப்ரவரி 1 இராணுவச் சதிப்புரட்சிக்குப் பின்னர் நிலைமை மேலும் மோசமடைந்தது. வசதியுள்ளவர்கள் கூரையில் சூரியப்படலும் வீட்டினுள் பற்றரியும் பொருத்திக்கொள்கிறார்கள். மற்றவர்கள் மின்சாரம் வரும் நேரத்துக்குள் தண்ணீர் இறைத்து, சமைத்து முடிக்க வேண்டும். 1990களில் யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கோடு வாழ்ந்த எமக்கு இதை எவரும் விளக்கத் தேவையில்லை.

மியன்மாரின் மின்சாரம் பெரும்பாலும் நீர்மின்னிலும் இயற்கை எரிவாயுவிலும் தங்கியுள்ளது. மார்ச், ஏப்ரலில் நீர்த்தேக்கங்கள் வற்றும். வெயிலோ அப்போதுதான் கொளுத்தும். பருவமழை தொடங்கியதும் யாங்கோன் வானம் முகிலால் மூடும், ஆறுகள் நிரம்பும். இவ்விரண்டையும் மாதவாரியாக ஒரே தாளில் இரு கோடுகளாக வரைந்தால், ஒன்று இறங்குமிடத்தில் மற்றது ஏறுவதைப் பாடசாலைப் பிள்ளையும் கண்டுகொள்ளும்.

வருடக் கணக்கு இலகுவானது. நாளைக்கு எத்தனை மணிக்கு எவ்வளவு மின் கிடைக்கும் என்பதே கடினமானது. இந்தியாவில் காற்றாலைகளும் சூரிய மின் நிலையங்களும் நாளை 15 நிமிடக் கூறுகளாக, அதாவது 96 பகுதிகளாகப் பிரித்து எதிர்வுகூறுகின்றன. சென்னையிலுள்ள தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் தமிழ்நாட்டுக் காற்றாலைகளுக்காக இப்பணியைச் செய்துவந்துள்ளது. எதிர்வுகூறியது ஒரு கோடு, உண்மையில் கிடைத்தது இன்னொரு கோடு. நாம் காசேட்டையும் வங்கிக் கூற்றையும் பக்கத்தில் வைத்து இணக்கம் பார்ப்பது போன்றதுதான்.

ஏன் வரைபு வேண்டும்? வெறும் இலக்கங்கள் போதாதா? வர்த்தகம் படித்தவர்களுக்கு ஈடுசெய்யும் வழுக்கள் நினைவிருக்கும். ஒரு வழு மற்றொன்றை மறைக்க, பரீட்சை மீதி சமப்பட்டு நிற்கும், கணக்கோ பிழையாயிருக்கும். மின்சாரத்திலும் அப்படியே. காலையில் குறைத்தும் மாலையில் கூட்டியும் கணித்திருந்தால் நாளின் மொத்தம் சரியாக வந்துவிடும். ஆனால் மாலையில் ஊர் இருட்டாகும். எந்த மணியில் பிழைத்தது என்பதை வரைபுதான் காட்டும்.

கணக்கில் வராத கூரைகள் என்ன செய்யும் என்பதை இலங்கையில் கண்டோம். வீட்டுக் கூரையில் பிறக்கும் மின்சாரத்தின் பெரும்பகுதியைக் கட்டுப்பாட்டு நிலையம் நேரடியாகக் காண்பதில்லை. பாவனை குறைந்ததாகவே அது தெரியும். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் மின் தடைப்பட்டது. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு மோதியதே காரணம் எனச் செய்தி வந்தது. ஆனால் பாவனை குறைந்த பகற்பொழுதில் சூரிய மின்னின் பங்கு அதிகமாயிருந்ததால் கட்டமைப்பு அதிர்ச்சியைத் தாங்கவில்லை என மின்சார சபை விளக்கியது. அந்தச் சித்திரைப் புத்தாண்டு நாட்களில், பிற்பகல் 3 மணிவரை கூரைப் படல்களை நிறுத்திவைக்குமாறு வீட்டுக்காரரிடம் கேட்கவும் நேர்ந்தது.

யாங்கோனிலும் படல்கள் பெருகுகின்றன. அவற்றோடு வரும் இன்வேட்டர்கள் பல, ஒவ்வொரு நாளின் உற்பத்தியையும் தாமே பதிவுசெய்கின்றன. அவற்றைத் திரட்டினால் நகரத்துக்கு நல்லதோர் எதிர்வுகூறலை உருவாக்கலாம். தொழில்நுட்பத்தில் தடையில்லை. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது.

எந்த வீட்டில் எத்தனை படல், எத்தனை பற்றரி, இரவில் எங்கே விளக்கெரிகிறது என்பதும் ஒரு பெயர்ப்பட்டியல்தான். மியன்மாரில் இரவு விருந்தாளிகளைப் பதியவேண்டும் என்ற விதி 2021 இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அந்த நாட்டில் இப்பட்டியல் எவர் கைக்குப் போகும்? 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் இடாப்போடு வந்தவர்களை நாம் மறக்கவில்லை. தேர்தலுக்கென எழுதப்பட்ட இடாப்பு அது.

இதற்கு வழியும் கணக்கியலிலேயே உண்டு. கடன்பட்டோர் கட்டுப்பாட்டுக் கணக்கில் தனியாட்களின் பெயர் இராது. மொத்தம் மட்டுமே இருக்கும். ஆனாலும் கணக்குச் சரியாக நடக்கும். மின் எதிர்வுகூறலுக்கும் ஒரு வட்டாரத்தின் கூட்டுத்தொகையும் செய்மதி காட்டும் முகிலும் போதும். முகில் வீட்டிலக்கம் பார்த்து நிழல் விழுத்துவதில்லை. வீட்டிலேயே கூட்டி, முகவரியை நீக்கி, மொத்தத்தை மட்டும் வெளியே அனுப்பலாம். ஒரு வட்டாரத்தில் வீடுகள் மிகக் குறைவாயிருந்தால் அதை அயல் வட்டாரத்தோடு சேர்த்துவிடலாம்.

புலம்பெயர் நாடுகளில் எமது பிள்ளைகள் பலர் தரவு அறிவியல் படிக்கிறார்கள். நாளை இப்படியான வரைபுகளை வரையப்போவது அவர்கள்தான். எதைச் சேகரிக்கலாம் என்பதைப் பல்கலைக்கழகம் கற்றுக்கொடுக்கும். எதைச் சேகரிக்கக் கூடாது என்பதை வீட்டில் நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.