அமெரிக்காக்காரன் வாங்கலைன்னா?

1991 ஜூலையில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். ஏற்றுமதி பெருகும், அந்நியச் செலாவணி கொட்டும், எல்லோருக்கும் விடியும் என்றார்கள். ஏற்றுமதி பெருகியது உண்மைதான். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் கடல் தாண்டியது. கழிவு பாலாற்றிலேயே தங்கிவிட்டது. அழுக்காக்கியவனே நட்டஈடு கொடு என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. குறைந்த கூலிக்கு ஷூ தைத்த சேரிப் பெண்களின் நட்டத்தை யார் கணக்குப் போட்டார்கள்?

2025 ஆகஸ்ட் 27 முதல் ஆடை, தோல் பொருட்கள் உட்பட நம் சரக்குகள் மீது அமெரிக்கா 50% வரி போட்டது. ஒரே ஒரு கையெழுத்து. முதலாளிக்குச் சலுகை கேட்கச் சங்கம் உண்டு. 'ஆர்டர் வந்தா சொல்லி அனுப்புறோம்மா' என்று திருப்பி அனுப்பப்படுகிறவளுக்கு? அவள் கூலி உயராததால்தான் வெளிநாட்டுக்காரன் மலிவாக வாங்கினான். அதே கூலியால்தான் அவள் தைத்த ஷூவை அவள் பிள்ளைக்கு வாங்க முடியவில்லை. ஆகவே உள்ளூர்ச் சந்தை என்பது முதலில் கூலிப் பிரச்சினை.

அடுத்தது, உள்ளூரில் விற்கப்போவது யார் என்பது. மத்திய அரசுத் துறைகள் வாங்கும் பொருளில் 4% பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் சிறு தொழில்களிடமிருந்து வர வேண்டும் என்று 2012இல் ஆணை வந்தது. ஆண்டுக்கு ஆண்டு அது எட்டப்படாமலே கிடந்தது. பட்டறை வைக்கக் கடன் கிடைத்தால்தானே டெண்டர்!

நான் வங்கிக் கவுண்டருக்கு உள்ளே உட்காருகிறவன். சிறு தொழிலுக்கு 10 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்காதே என்று ரிசர்வ் வங்கி 2010லேயே சொல்லிவிட்டது. பை தைக்கும் ஒருவர் 50,000 கேட்டு வந்தார். மேலாளரின் முதல் கேள்வி: 'ஊரா, காலனியா?' அடுத்தது: 'வீட்டுப் பத்திரம் இருக்கா?' சுற்றறிக்கையை எடுத்து நீட்டினேன். 'கவிஞரே, உங்க சீட்டைப் பாருங்க' என்றார்.

'மறுபடியும் நம்மளச் செருப்புத் தைக்கச் சொல்றியா?' என்று தோழர்கள் கோபப்படுகிறார்கள். நியாயமான கோபம். செருப்போ, பிஸ்கட்டோ, மோட்டார் உதிரியோ, அது அவரவர் விருப்பம். பட்டறை யார் பேரில் என்பதே கேள்வி. சின்ன முதலாளியெல்லாம் யோக்கியன் என்றும் இல்லை. சாதித் திமிரோடு கூலியை இன்னும் கிள்ளுகிறவன் அங்கேயும் உண்டு. நம்மவர் பட்டறையானாலும் குறைந்தபட்சக் கூலி கறாராகக் கேட்கப்படும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழக அரசு இலவசக் காலணி தருகிறது. அந்த டெண்டரை ஒன்றியம் ஒன்றியமாகப் பிரித்து விடச் சொல்லி மனு போடுவோம். கடன் கேட்டுப் போகிறவரோடு இரண்டு மாணவர்களாவது கூடப் போங்கள். மறுத்தால், காரணத்தை எழுத்தில் வாங்காமல் கிளையை விட்டு வராதீர்கள்.