தானாக எதுவும் அடுக்கிக்கொள்வதில்லை

ராசிங்காபுரம் பக்கம் இயற்பியல் என்று பேச்சை எடுத்தாலே அது நியூட்ரினோவில்தான் போய் நிற்கும். அருகிலுள்ள பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து ஆய்வகம் அமைக்க 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்ததும், அதை எதிர்த்துப் போராட்டங்கள் நடந்ததும் ஊரறிந்த கதை. அது வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம். ஆனால் அடிப்படை அறிவியல் என்றாலே 1,500 கோடி ரூபாயும் ஒரு மலையும் வேண்டும் என்ற எண்ணம் மாணவர்கள் மனதில் பதிந்துவிட்டது. இது சுத்தத் தவறு.

பெங்களூரைப் பாருங்கள். 1977இல் ராமன் ஆய்வு நிறுவனத்தில் எஸ். சந்திரசேகர் (சர் சி.வி. ராமனின் தங்கை மகன்), பி.கே. சதாசிவா, கே.ஏ. சுரேஷ் மூவரும் தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று காட்டினார்கள். அதுவரை குச்சி வடிவம்தான் இதற்கு ஏற்றது என்பதே பொதுவான நம்பிக்கை. அந்தத் தட்டுகள் காசுகளை அடுக்கியது போலத் தூண்களாக நின்றன. கட்டுரை வெளியானது வெளிநாட்டு இதழில் அல்ல, நம் நாட்டு 'பிரமாணா'வில்! பிறகு எல்.சி.டி. திரையைப் பக்கவாட்டில் இருந்தும் தெளிவாகப் பார்க்க உதவும் படலத்தை ஜப்பானின் ஃபியூஜி நிறுவனம் தட்டு மூலக்கூறுகளை வைத்தே செய்தது. கண்டுபிடிப்பு இங்கே, சரக்கு அங்கே. வழக்கமான கதைதான்.

இப்போது இந்தத் துறையில் பேசப்படுவது திரவப் படிகத்துக்குள் நானோ துகள்களை அடுக்குவது. "துகள்கள் தாமாகவே அடுக்கிக்கொள்ளும்" என்று மந்திரம் போலச் சொல்கிறார்கள். அங்கேதான் இடிக்கிறது. தட்டில் பரப்பிய ஏலக்காய்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக் கிடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு கூழாங்கல்லைப் போட்டால் சுற்றியுள்ள காய்கள் திசை மாறும். திரவப் படிகத்தில் இந்தக் குலைவுக்கு ஆற்றல் செலவாகும். இரண்டு துகள்கள் நெருங்கிக் குலைவைப் பங்கு போட்டுக்கொண்டால் செலவு குறையும். அதனால் அவை வரிசையாகச் சேர்கின்றன. நீர்த்துளிகள் இப்படிச் சங்கிலியாக நிற்பதை 1997இலேயே ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள்.

ஆனால் அந்தத் துளிகள் மைக்ரோமீட்டர் அளவு. சில நானோமீட்டர் அளவுக்கு இறங்கினால் குலைவு அற்பமாகி, வெப்பத்தின் ஆட்டம் அதை மிஞ்சிவிடும். துகள்கள் அடுக்காது, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி தட்டும். அதைத் தடுக்க ஒவ்வொரு தங்கத் துகளுக்கும் கந்தகம் வழியாகக் கரிமச் சங்கிலிகளைச் சட்டை போல மாட்டிவிட வேண்டும். ராமன் ஆய்வு நிறுவனத்தில் அப்படிச் செய்த துகள்களைத் தட்டு மூலக்கூறுகளின் தூண்களுக்கு நடுவே சேர்த்தபோது மின்கடத்தல் பல மடங்கு கூடியது. இதில் "தானாக" எங்கே இருக்கிறது? வேதியியல் மாணவர் ஒருவரின் பல மாத உழைப்பு அந்த ஒரு சொல்லில் காணாமல் போகிறது.

(இந்தத் துறைக்கு உருப்படியான தமிழ்ப் பெயர்கூட இல்லை. 'மென்பொருள் இயற்பியல்' என்றால் கம்ப்யூட்டர் படிப்பு என்று நினைத்துக் கூட்டம் சேரும்!)

துகளைப் பார்க்க மின்னணு நுண்ணோக்கி தேவைதான், மறுப்பதற்கில்லை. அதைப் பெரிய நிறுவனத்திடம் கேட்டு வாங்கலாம். ஆனால் துகளைச் சேர்த்ததும் திரவப் படிகம் எந்த வெப்பநிலையில் நிலை மாறுகிறது, அதன் வண்ணக் கோலம் எப்படிக் குலைகிறது என்பதை அறிய ஒரு முனைவாக்க நுண்ணோக்கியும் சூடேற்றும் மேடையும் போதும். மாவட்டத்துக்கு ஒரு கல்லூரியிலாவது அவை இருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால், பழைய கால்குலேட்டர் திரையில் உரித்த முனைவாக்கத் தாள் இரண்டும் '5சிபி' என்ற திரவப் படிகத்தில் ஒரு துளியும் போதும். அது சுமார் 35 டிகிரியில் கலங்கல் நீங்கித் தெளிந்துவிடும். போடியில் சித்திரை மதியம் என்றால் அடுப்புகூட வேண்டாம்.