ஒதுக்கிவைத்த ஆண்டுகள்

1958இல் 76 வயதில் திருத்தந்தையான 23ஆம் யோவானை இடைக்கால ஏற்பாடாகவே பலர் பார்த்தார்கள். அவர் வந்த வழியை அவர்கள் கவனிக்கவில்லை. வட இத்தாலியின் சொத்தோ இல் மோந்தே ஊரில் வாரத்துக்கு உழுத குடும்பத்தின் பிள்ளையான ஆஞ்சலோ ரொன்கால்லிதான் அவர். 1904இல் குருவானார், பின்பு பெர்கமோ ஆயருக்குச் செயலர். 1909இல் ரானிக்கா ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் அந்த ஆயர் அவர்கள் பக்கம் நின்றதை அருகிலிருந்தே கண்டார். 1925 முதல் திருத்தந்தையின் பிரதிநிதியாகப் பல்கேரியா, அடுத்து துருக்கி, கிரேக்கம்: கத்தோலிக்கர் மிகச் சிலரே வாழ்ந்த நாடுகளில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள். அதை ஒதுக்கிவைப்பு என்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், அவருடைய உண்மையான குருமடமே அதுதான். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவரோடும் முஸ்லிம்களோடும் பழகி, இஸ்தான்புல்லிலிருந்து யூத அகதிகள் தப்ப உதவியவர் என்பதால்தான், 1962இல் தாம் தொடங்கிய, கத்தோலிக்க ஆயர்களின் கூட்டமான இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிற சபையாரையும் பார்வையாளர்களாக அழைக்க அவருக்கு மனம் வந்தது.