பட்டமில்லாத கெட்டிக்காரி



இந்த வாரம் வந்த கடிதங்களில் ஒன்று என்னை வெகுநேரம் யோசிக்க வைத்துவிட்டது. எழுதியிருப்பவர் அருப்புக்கோட்டையில் கைத்தறி நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு தாய். மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கினாள். கல்லூரிக்குக் கட்டப் பணமில்லை. ஆனாலும் அவள் சும்மா இருக்கவில்லை. பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடங்களைப் பார்த்தே புரோகிராம் எழுதப் பழகிவிட்டாள். மூன்று வருஷமாக மதுரையில் ஒரு சின்னக் கம்பெனியில் உத்தியோகம். இப்போது சங்கதி என்னவென்றால், அவளிடம் வேலை பழகிய பையனே அவளுக்கு மேலதிகாரியாகிவிட்டான். காரணம் கேட்டால், "உனக்குப் பட்டம் இல்லையே" என்கிறார்களாம்.

"வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து இவளை இன்ஜினீயரிங் காலேஜில் சேர்த்துவிடட்டுமா?" என்று கேட்கிறார் அந்தத் தாய்.

வேண்டாம், அம்மா. பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் பூமியைப் பட்டணத்து வாசகிகள் பார்த்திருக்க மாட்டீர்கள். கம்மாய் நிறையட்டும் என்று அங்கே பல பேர் காத்திருப்பதில்லை. மழை ஈரத்தை நம்பியே பருத்தியும் மிளகாயும் கம்பும் விதைக்கிறார்கள். மானாவாரி என்பது அதற்குப் பெயர். உங்கள் மகளின் படிப்பும் மானாவாரிப் படிப்புத்தான். முளைத்து நிற்கிற பயிரை உழுதுவிட்டு, கடன் வாங்கிக் கிணறு வெட்டுவார்களா யாராவது?

அதற்காகப் பட்டம் வெறும் காகிதம் என்றும் நான் சொல்ல மாட்டேன். வேலைக்குள் நுழையும்போது கைத்திறமையே பேசும். மேலே ஏறும்போதுதான் காகிதத்தைக் கேட்பார்கள். சர்க்கார் பதவிகள் பலவற்றுக்குப் பட்டம் இல்லாமல் மனுப் போடவே முடியாது. அமெரிக்காவின் எச்-1பி விசாவுக்கு ஒரு வருஷக் கல்லூரிப் படிப்புக்கு ஈடாக மூன்று வருஷ அனுபவம் என்று கணக்கு. நான்கு வருஷப் பட்டத்துக்கு 12 வருஷ உழைப்பு! அதே அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம் 2022-ல் ஆயிரக்கணக்கான அரசு வேலைகளுக்குப் பட்டம் கட்டாயமில்லை என்று அறிவித்தது. காற்று மாறுகிறது, வாஸ்தவம். ஆனால் நம் வாசலுக்கு அது வந்து சேரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா?

ஆகவே வேலையை விடாமல், சம்பளத்திலிருந்தே கட்டணம் கட்டி, மெதுவாகப் பட்டம் வாங்கட்டும். சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் டேட்டா சயன்ஸ் பட்டப் படிப்பை இணைய வழியில் தொடங்கியது. இதற்கு ஜே.இ.இ. பரீட்சை தேவையில்லை, நான்கு வாரத் தகுதிச் சுற்றில் தேறினால் போதும். பாடங்களை வீட்டிலிருந்தே கேட்கலாம். பரீட்சைக்கு மட்டும் மையத்துக்குப் போக வேண்டும். எடுக்கிற பாடத்துக்குத்தான் கட்டணம். வருமானம் குறைந்த குடும்பத்துக்குச் சலுகையும் உண்டு. நடுவில் நிறுத்த நேர்ந்தாலும் முடித்த படிக்குத் தக்கபடி சான்றிதழோ டிப்ளமோவோ கைக்கு வரும்.

அது கடினம் என்று தோன்றினால், இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பி.சி.ஏ. இருக்கிறது. மூன்று வருஷப் படிப்பு. ஆனால் ஆறு வருஷம் வரை அவகாசம் தருகிறார்கள். அங்கீகாரம் பெற்ற அஞ்சல் வழி, இணைய வழிப் பட்டங்களும் நேரில் படித்த பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022-ல் தெளிவாக்கியிருக்கிறது. "அங்கீகாரம் பெற்ற" என்ற வார்த்தையை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டிய நோட்டீஸை நம்பிப் பணம் கட்டாதீர்கள். யு.ஜி.சி. வெளியிடும் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று மகளையே பார்க்கச் சொல்லுங்கள்.

பட்டம் வரும்வரை? தான் செய்த வேலைகளுக்கு அவள் ஒரு கணக்கு நோட்டுப் போடட்டும். எந்த வேலையை முடித்தாள், அதனால் எத்தனை நேரம் மிச்சமாயிற்று, யாருக்குப் பிரயோஜனம் என்று தேதி போட்டு எழுதி வைக்கட்டும். கம்பெனியின் ரகசியம் எதையும் அதில் சேர்க்கக் கூடாது. பிறகு மேலதிகாரியிடம் போய், "அடுத்த பதவிக்கு என்னிடம் என்ன குறை?" என்று மரியாதையாகக் கேட்கட்டும். பதில் எழுத்தில் வந்தால் விசேஷம். பட்டம் ஒன்றுதான் குறை என்றால், இந்த நோட்டுடன் வேறு கம்பெனிக் கதவைத் தட்டுவதில் தப்பே இல்லை.

இளைய பெண் ஒருத்தி பிளஸ் டூ படிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கு வேறு வழியும் இருக்கிறது. ஸோஹோ கம்பெனி 2004 முதல் நடத்திவரும் பள்ளியில், பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்தவர்களுக்குக் கட்டணமின்றி, மாத உதவித்தொகையும் கொடுத்துத் தொழில் கற்பிக்கிறார்கள். தென்காசியிலும் அந்தப் பள்ளி உண்டு. எச்.சி.எல். கம்பெனி 2017-ல் தொடங்கிய 'டெக் பீ' திட்டத்தில், வேலை பார்த்துக்கொண்டே பட்டமும் படிக்கலாம். ஆனால் அதில் பயிற்சிக் கட்டணம் உண்டு. எவ்வளவு, எத்தனை வருஷ நிபந்தனை என்று படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை, எல்லாத் தாய்மாருக்கும். வேலைக்குப் போய்வந்து படிக்கிற பெண்ணுக்குப் பணத்தைவிட அருமையானது ராத்திரி இரண்டு மணி நேரம். அந்த நேரத்தில் "பாத்திரம் கிடக்கிறதே" என்று அவளைக் கூப்பிடாதீர்கள். அண்ணன் தம்பிக்கும் கைகள் இருக்கின்றன, கழுவினால் தேய்ந்துவிடாது. வரன் பார்க்க வருகிறவர்கள், "பெண் பட்டதாரியா?" என்று கேட்டால், "படித்துக்கொண்டிருக்கிறாள், சம்பாதித்துக்கொண்டும் இருக்கிறாள்" என்று தலை நிமிர்ந்து சொல்லுங்கள்.

பட்டம் வாங்கிய செய்தியை, எத்தனை வருஷம் கழித்தானாலும், எனக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், அம்மா.