கூப்பன் அரிசி

இலவச அரிசி தின்று இலங்கை சோம்பேறியாகிவிட்டது என்பது நிபுணர்கள் வெகு காலமாகச் சொல்லிவரும் கதை. உலகச் சந்தை வந்து கதவைத் தட்டும்போதெல்லாம், முதலில் கை வைக்க வேண்டியது ஏழையின் சோற்றுப் பானையில்தான் என்று இவர்களுக்கு எப்படித்தான் தோன்றுகிறதோ!

அந்த அரிசி யாரும் போட்ட பிச்சை அல்ல. 1931-ல் அங்கே வயது வந்த ஆண் பெண் எல்லாருக்கும் ஓட்டு வந்தது. அதன் பின்னால்தான் கன்னங்கராவின் இலவசக் கல்வியும் யுத்த காலத்துப் பங்கீட்டு அரிசியும் வந்தன. ஓட்டின் மகிமை தெரிய வேண்டுமானால், 1948-ல் குடியுரிமையும் அடுத்து ஓட்டும் இழந்த நம் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளியைப் பாருங்கள். அவன் பிள்ளை படித்த பள்ளிக்கூடத்தைச் சர்க்கார் ஏற்றுக்கொள்ள 1970-கள் வர வேண்டியிருந்தது.

கொரிய யுத்தம் தணிந்து ரப்பர் விலை விழுந்ததும், 1953-ல் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாயிற்று. ஆகஸ்டு 12-ந் தேதி ஹர்த்தால். மந்திரிசபை துறைமுகத்தில் நின்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் ஏறிக் கூடியது. (கதையில் இப்படி எழுதினால் பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.) அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயகா ராஜிநாமாச் செய்தார்.

1977-க்குப் பிறகு வந்தவர்கள் கெட்டிக்காரர்கள். இறக்குமதிக் கதவைத் திறந்தார்கள். கட்டுநாயக்காவில் வெளிநாட்டு முதலாளிக்கு வரிவிலக்கோடு இடம் கொடுத்தார்கள். 1979-ல் பங்கீட்டு அரிசியை நிறுத்தி, பாதி ஜனங்களுக்கு உணவு முத்திரை தந்தார்கள். சூட்சுமம் அந்த முத்திரையில்தான் இருக்கிறது. அரிசியாகக் கொடுத்தால், விலை என்ன ஏறினாலும் கொத்து கொத்துதான். முத்திரையிலோ அச்சடித்திருந்தது ரூபாய்க் கணக்கு. விலை ஏற ஏறப் படி குறைந்தது. சில வருஷங்களில் அதன் பெறுமானம் பாதியாகிவிட்டது. யாரும் விலையை உயர்த்தவில்லை, யார்மேல் கோபித்துக்கொள்வது? 1980-ல் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள் ஆயிரக்கணக்கில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

"வளர்ச்சி வந்ததே ஐயா!" என்பார்கள். வந்தது. கட்டுநாயக்காவில் சட்டை தைத்து வீட்டுக்குப் பணம் அனுப்பிய கிராமத்துப் பெண்களை நான் மறக்கவில்லை. ஆனால் அந்த வளர்ச்சியில் சர்க்காருக்கு வந்த பங்கு எங்கே? தேசிய உற்பத்தியில் 1990-ல் நூற்றுக்குச் சுமார் 19 வரியாக வந்தது. 2022-ல் எட்டுக்கும் கீழே! சலுகை தராவிட்டால் முதலாளி வேறு தேசத்துக்கு மூட்டை கட்டிவிடுவான் என்று பயந்து பயந்து விட்டுக் கொடுத்தது ஒரு பக்கம். 2019 கடைசியில் உள்ளூர்க்காரர்களுக்கும் தாராளமாக வரியை வெட்டியது இன்னொரு பக்கம். வரிவிலக்குக் கேட்ட கம்பெனியைச் சோம்பேறி என்று எந்த நிபுணராவது எழுதியதுண்டா?

2022 ஏப்ரலில் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தார்கள். மறு வருஷம் சர்வதேச நாணய நிதியம் நிபந்தனைகளோடு வந்தது. வரி வருமானத்தைக் கூட்டு என்றது; நியாயந்தான். கூட்டினார்கள். 2024 ஜனவரியில் மதிப்புக்கூட்டு வரி 15-லிருந்து 18 சதவிகிதமாயிற்று. அதைக் கட்டுகிறவன், கடைக்குச் சாமான் வாங்கப் போகிறவன்.